மண்டையோட்டை மருந்து டப்பாவுக்கே விட்டுருடா

உங்க பங்க்கு பேண்டுக்குப் பாட்டு எத்தனை தேறியிருக்குன்னு கேட்டா ஒன்றரைங்கிற. அதுலயும் அந்த அரைக்கு இன்னும் வார்த்தை வரலையாம். ஆனா லோகோ மட்டும் பதினோரு தினுசுல வந்திருச்சு. எது நல்லாருக்குன்னு செல்லை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுற. ஏன்டா பேராண்டி, பாட்டுக் கட்ட வந்தியா, கடை தெறக்க வந்தியா?

சரி, காட்டு.

ஆத்தி, எடுத்த எடுப்புல மண்டையோடு. கீழ ரெண்டு எலும்பு வேற. பயமா இருக்கான்னு கேக்குற. பொட்டிப்புரத்துக்காரனுக்கு மண்டையோட்டுல என்னடா பயம்? டிரான்ஸ்பார்மர்ல தகரத்துல தொங்குது. திராட்சைக்கு அடிக்கிற மருந்து டப்பாவைத் திருப்பிப் பாரு. கொடிய விஷம்னா மேல மண்டையோடு, கீழ செவப்பு முக்கோணம் போடணும்னு 1971-லயே சர்க்கார் விதி எழுதி வச்சிருச்சு. நீ அதையே பனியன்ல அடிச்சு மேடை ஏறுனா, பாட வந்தவன்னு எவன் நெனப்பான்? மருந்துக் கம்பெனி ஆளுன்னு நெனச்சு, செவட்டை நோய்க்கு என்ன அடிக்கலாம்னு கேப்பாய்ங்க.

மிஸ்ஃபிட்ஸ் பேண்டுக்காரய்ங்க வச்சிருக்காய்ங்களேங்கிற. வச்சாய்ங்கதான். அதுகூட அவிய்ங்க சொந்தச் சரக்கு இல்ல. 1946-ல கொட்டகையில ஓடுன 'தி கிரிம்ஸன் கோஸ்ட்'ங்கிற தொடர்படத்து வில்லன் மூஞ்சி அது. பழைய படத்துல கெடந்ததை எடுத்து ஒட்டிக்கிட்டாய்ங்க. காசு செலவில்லை. என்ன முழிக்கிற? இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னா? நீ தூங்குற நேரத்துல உன் செல்லு சும்மாதான கெடக்கு.

ரெண்டாவது என்ன? இது எழுத்தா? சீமைக்கருவேலம் மண்டுன கண்மாய் மாதிரி இருக்கு. இதுல உங்க பேரு எங்கடா? படிக்கத் தெரியக்கூடாது, அதுதான் ஸ்டைலுங்கிற. அப்ப பேரு எதுக்கு வச்சீக?

மூணாவது, நாலு சிங்கம். சிங்கத்துக்குக் கூலிங் கிளாஸ். இதை மட்டும் இப்பவே அழிச்சிரு. ரமோன்ஸ் பேண்டுக்காரய்ங்க செஞ்சாய்ங்களே, நான் ஏன் செய்யக்கூடாதும்ப. அவிய்ங்க கதை எனக்கும் தெரியும். ஆர்ட்டுரோ வேகான்னு மெக்சிகோவுல பொறந்த ஆளு. அமெரிக்க சனாதிபதியோட முத்திரையை எடுத்தாரு. கழுகு கால்ல இருந்த ஆலிவ் கெளையைப் புடுங்கிட்டு ஆப்பிள் கெளையைக் குடுத்தாரு. அம்பைப் புடுங்கிட்டு பேஸ்பால் மட்டையைக் குடுத்தாரு. சுத்தி அந்தப் பயலுக பேரை எழுதிட்டாரு. நல்ல நக்கல்தான். ஆனா இங்க நாலு சிங்கத்துல கைய வச்சா 2005-ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். இல்லாட்டி அஞ்சாயிரம் அபராதம். இல்லாட்டி ரெண்டும். ஒன்றரைப் பாட்டுக்கு ரெண்டு வருசம் கட்டுபடியாகுமா?

அந்த ரமோன்ஸ் பனியனைப் போட்டுக்கிட்டுத் திரியிற பயலுகளைப் புடிச்சு ஒரு பாட்டுப் பாடச் சொல்லு. பத்துல எட்டுப் பேரு ஓடிருவான். படத்துக்கு வந்த வாழ்வைப் பாத்தியா?

இப்ப நான் ஒண்ணு காட்டுறேன். நாலு கறுப்புக் கோடு. மேலயும் கீழயுமா ஏறி எறங்கி நிக்குது, அம்புட்டுத்தான். பிளாக் ஃபிளாக்னு கலிபோர்னியாக்காரய்ங்க. பாட்டுக் கட்டுனவனோட கூடப்பொறந்த தம்பி ரேமண்ட் பெட்டிபான் போட்டுக் குடுத்தது. காத்துல ஆடுற கறுப்புக் கொடியாம். மந்திரி வந்தா நம்ம ஆளுக தூக்கிக் காட்டுற அதே கொடிதான். அதைப் போட கம்ப்யூட்டர் வேணுமா? கலர் வேணுமா? பெயிண்டு டப்பா வச்சிருக்கிற எந்தப் பயலும் போலீஸ் வர்றதுக்குள்ள நாலு இழுப்பு இழுத்துட்டு ஓடிரலாம். அதான் அதோட சூட்சுமம். நீ வரையிறது சின்னம் இல்லடா. ஊரான் வரையிறதுதான் சின்னம்.

இது சீமைக்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா? 1973-ல திண்டுக்கல்லு இடைத்தேர்தல். அ.தி.மு.க. ஆரம்பிச்சு வருசங்கூட ஆகல. மாயத்தேவருக்கு ரெட்டை இலை. ரெண்டு வெரலைத் தூக்குனா சின்னம். கரிக்கட்டையில ரெண்டு வளைவு இழுத்தா சின்னம். எழுத்துக்கூட்டத் தெரியாத கெழவியெல்லாம் தேடித் தேடிக் குத்துச்சு. எந்த டிசைனரு அதுக்கு பில்லு போட்டான்?

ஆனா இதையும் கேட்டுக்க. 1989 தேர்தலுக்கு முன்னால அந்த இலையை முடக்கிட்டாக. ஜெயலலிதா நம்ம போடிநாயக்கனூர்ல சேவல் சின்னத்துல நின்னாக. சேவல் போடுறது லேசுப்பட்ட வேலையா? கொண்டை வரணும், வாலு வளையணும், கால்ல முள்ளு தெரியணும். அவசரத்துல போட்டா கோழியா கொக்கான்னு சண்டை வரும். அப்படியும் ஜெயிச்சாக. ஏன்? பின்னால ஆளு இருந்துச்சு. இலைன்னா லேசு, சேவல்னா கஷ்டம். ஆளே இல்லாட்டி எதுவுமே ஆகாது. உனக்குப் பின்னால இப்ப ஆரு இருக்கா? நானும் உங்க ஆத்தாளும். அவளும் கரண்டியோட நிக்கிறா.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. எழுத்து எப்படி வைக்கிறதுன்னு சொல்றேன். போடிக்குப் போ. ஏலக்காய் மூட்டையில மார்க்கு போட்டிருப்பாக, பாரு. தகரத்துல எழுத்தை வெட்டி, மேல வச்சு மையைத் தேய்ச்சா ஒரு நிமிசத்துல வேலை முடிஞ்சிரும். லண்டன் பக்கம் கிராஸ்னு ஒரு கூட்டம் இதே மாதிரி அச்சு வெட்டி வச்சுக்கிட்டுத்தான் பாதாள ரயிலு நிலையமெல்லாம் வாசகம் அடிச்சுச்சு. வெட்டும்போது ஒண்ணு கவனி. ட, ப இதுக்கெல்லாம் சுழி கெடையாது, லேசா வந்துரும். ண, ழ வந்தா சுழிக்குள்ள இருக்கிற துண்டு கழண்டு கீழ விழும். அதைப் புடிச்சு நிறுத்த ஒரு மெல்லிசுப் பாலம் விடணும். அந்தப் பாலம் விட்ட எழுத்துக்கே தனியா ஒரு மொரட்டுக் களை உண்டு. உன் கம்ப்யூட்டர்ல ஆயிரம் எழுத்து கெடக்கலாம், இந்தக் களை வராது. ஒரே நெறம் வை. ஜெராக்ஸ் கடையில அடிச்சாலும் தெரியணும். டிரம்மு தோலுல அடிச்சாலும் தெரியணும். கடைசி வரிசையில பீடி புடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கும் தெரியணும்.

காசு இருந்தாத்தான் களை வரும்னு எவன் சொன்னான்? செக்ஸ் பிஸ்டல்ஸ்... பேரைச் சொல்லவே கூச்சமா இருக்கு, ஆத்தா காதுல விழுந்துறப் போகுது. அவிய்ங்களுக்கு ஜேமி ரீட்ங்கிறவரு பழைய பேப்பர்ல இருந்து எழுத்தெழுத்தா வெட்டி ஒட்டுனாரு. ஆளைக் கடத்திட்டு மொட்டைக் கடுதாசி போடுறான் பாரு, அந்தத் தினுசு. டீக்கடை பழைய பேப்பரும் கொஞ்சம் பசையும் போதும். நீ என்னடான்னா கிழிஞ்ச ஜீன்ஸை முழு ஜீன்ஸை விடக் கூடுதலாக் குடுத்து வாங்கியாந்திருக்க. ஊக்கு வேற ஆன்லைன்ல ஆர்டராம். உங்க ஆத்தா வளையல்ல எத்தனை தொங்குது, கேட்டா குடுக்க மாட்டாளா?

உடுப்புன்னா இப்படி இருக்கணும். 2018 சனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு 19 பேரு மேடை ஏறுனாக. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து கூட்டுன கூட்டம். பேரே அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத் தமிழர்ல இருந்து எடுத்தது. கானாவும் பறையும் கிட்டாரும் ஒண்ணா அடிச்சாக. எல்லாரும் கோட்டு சூட்டு. அம்பேத்கர் ஏன் கோட்டுப் போட்டாருன்னு தெரிஞ்சவனுக்கு அந்தத் துணியே ஒரு பாட்டு. பங்க்குன்னு அவுக சொல்லிக்கிடல. ஆனா இருக்கிறவனுக்கு வலிக்கிற மாதிரி பாடுறதுதான பங்க்கு? நீ கிழிச்சுவிட்ட முட்டி ஆருக்கு வலிக்குது? கொசுக்கடி உனக்குத்தான்.

அதெல்லாம் பட்டணமும்ப. பண்ணைப்புரம் பட்டணமா? இங்கன பக்கந்தான. பாவலர் வரதராசன் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு 1958-ல மலை ஏறி தேவிகுளம் இடைத்தேர்தலுக்குப் பாடப் போனாரு. கம்யூனிஸ்டு செயிச்சுச்சு. கூடப் போன சின்னப் பயதான் பின்னால இளையராசா. அந்தப் பெட்டி மேல என்ன லோகோ ஒட்டியிருந்துச்சுன்னு எவனாச்சும் கேட்டானா?

அப்ப எதைப் பாடுறதுங்கிற. ஏன்டா, தெக்க வடக்கப் பாக்கவே மாட்டியா? அம்பரப்பர் மலையைக் கொடைஞ்சு, உள்ள 50,000 டன் இரும்பை அடுக்கி, நியூட்ரினோ புடிக்கப் போறோம்னாக. 2015-ல மத்திய சர்க்கார் 1,500 கோடிக்குத் தலையாட்டுச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு விஞ்ஞானிக சொன்னாக, தண்ணி போயிரும் மலை போயிரும்னு சனம் சொல்லுச்சு. கேசு, கூட்டம், கோசம். 2022-ல தமிழ்நாடு சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டுல முடியாதுன்னு சொல்லிருச்சு. கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு இம்புட்டுப் பெரிய சண்டை நடந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு, உன் முழுப்பாட்டு எதைப் பத்தி? லண்டன் மழையைப் பத்தி. அங்கயே நனைஞ்சவன் மாதிரி இருமுற வேற.

போ. மொதல்ல அந்த அரைப் பாட்டை முழுசாக்கு. பெறகு தகரம் வெட்டு. ஊரான் சொவத்துல கேக்காம அடிச்சிராத, அதுக்கும் 1959-லயே சட்டம் போட்டு வச்சிருக்காக. என் சொவத்துல அடிச்சுக்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி வெள்ளையடிச்சுக் குடுத்துரு. பொங்கல் வருது.