முழு செட்டுக்காரர்

எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில், நெஞ்சுக்குள் முழு செட்டு. கோவை கணபதிப் பக்கம் டூல்ஸ் கடை ஒன்றில், கல்லா ஓரமாக முழங்கையை ஊன்றிக்கொண்டு, பின்னால் நிற்கிற யாருக்கும் சரக்கு போகவிடாமல் ஒருவர் நின்றால், அவர்தான் இவர்.

இப்போது நாக்அவுட் பஞ்ச் பார்க்க வந்திருக்கிறார். பேனல் பெட்டித் தகட்டில் கான்ட்யூட் பைப்புக்கு ஓட்டை போடுகிற சாமான். முதலில் ட்ரில்லில் சின்னதாக ஒரு ஓட்டை. அதில் போல்ட்டை விட்டு, ஒரு பக்கம் டை, மறுபக்கம் பஞ்ச். ஸ்பேனரைப் போட்டு முறுக்க முறுக்க, பஞ்ச் தகட்டைக் கடித்தபடி டைக்குள் இறங்கும். கடைசிச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். வட்டச் சில்லு தனியாக வந்துவிடும். பிசிறு அதிகம் இராது. ஹோல்சா ரம்பம் போட்டால் பறக்கிற இரும்புத் தூள், உள்ளே இருக்கிற பஸ்பாரில் போய் உட்காருமோ என்று பயப்படவும் வேண்டாம். நல்ல சாமான்தான். இதையெல்லாம் அவர் கடைக்காரருக்கே விளக்குவார்; பத்து வருஷமாக அதை விற்றுக்கொண்டிருப்பவர் "அப்படீங்களா" என்று கேட்டுக்கொள்வார்.

பஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவார். ஒற்றைக் கண்ணை மூடி, வெட்டுமுனையை நகத்தால் வருடுவார். அந்தியூர் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட இத்தனை நேரம் எடுப்பதில்லை.

"போல்ட்டுல பேரிங் வருதுங்களா?"

"வருதுங்க. முறுக்க லேசா இருக்கும்."

"மரையில கிரீஸ் வெச்சா பத்தாதுங்களா?"

"அதும் வெக்கோணுமுங்க."

"எத்தன கனம் வெட்டும்?"

"எம்.எஸ். தகடுன்னா மூணு, மூணரை எம்.எம். வரைக்குமுங்க."

இவர் வேலை செய்கிற எம்.எஸ்., அதாவது சாதா இரும்புப் பெட்டிகளின் தகடு 1.6 எம்.எம்.; மிஞ்சினால் 2. ஆனாலும் மூன்றரை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

கடைப் பையன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "ஏனுங்ணா, தினத்துக்கும் ஓடறது 20-ம் 25-ம்தானுங். அது ரெண்டையும் லூஸ்ல எடுத்துக்கலாமுங்." நியாயமான யோசனை. முழு செட்டு என்று வந்துவிட்ட ஆளிடம் அது எடுபடாது. நுரை மெத்தையில் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் படுத்திருக்கிற அந்தச் சிவப்புப் பெட்டியை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அரை இஞ்சிலிருந்து ரெண்டு இஞ்சு வரை அத்தனையும் உண்டு.

வில்லங்கம் அந்த அரை இஞ்சில்தான். அது அமெரிக்கப் பைப்பின் பெயர்; அது போடுகிற ஓட்டை ஏறக்குறைய 22½ எம்.எம். நம் ஊர்க் கான்ட்யூட் 20, 25, 32 என்று போகிறது. செட்டை வாங்கிப் போன முதல் நாள் சைட்டில் 20 எம்.எம். கேபிள் கிளாண்டை அந்த ஓட்டையில் வைத்தால் கடகடவென்று ஆடியது. வேறொருவர் என்றால் கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருப்பார். இவரோ ஒரு புஷ் பட்டனை எடுத்து அதே ஓட்டையில் வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. பேனல் பட்டன்களுக்கு வேண்டிய அளவே அதுதான். "பட்டனுக்குன்னே பாத்து வாங்குனதப்பா" என்று கையாளிடம் சொன்னவர், அன்றிலிருந்து எல்லோரிடமும் அப்படியே சொல்லி வருகிறார். கிளாண்ட் ஓட்டைகளைக் கையாள் இன்னமும் ட்ரில்லிலும் வட்ட அரத்திலும்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். ரெண்டு இஞ்சு பஞ்ச் எண்ணெய்க் காகிதத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை.

இரவல் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான்: "ஆயில் போட்டு வெச்சிருக்கறனுங், நாளைக்கு வாங்க." அந்த நாளை வந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு பால் கம்பெனி வேலை வந்தது. பேனல் பெட்டி முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கையாள் பஞ்ச் செட்டுப் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான்: "ஏனுங்ணா, இது எம்.எஸ்.ஸுக்கு மட்டும்னு போட்டிருக்குதுங்."

இதைக் கேட்டு அவர் முகம் வாடும் என்று கையாள் நினைத்தான். அவரோ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப எஸ்.எஸ்.ஸுக்குத் தனி செட்டு இருக்கோணுமல்ல? வா, பாத்துட்டு வந்தரலாம்."