எதற்கும் இருக்கட்டும்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாங்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும், ஓய்வூதியம் வரத் தொடங்கியிருக்கும், பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில் இருப்பார்கள். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நேரே உள்ளே ஏறி, ஷூவோடு கட்டிலில் மல்லாந்து பார்ப்பார். பிறகு கழிவறை மூடியின்மேல் முழு உடுப்போடு உட்கார்ந்து, முழங்கால் கதவில் இடிக்கிறதா என்று சோதிப்பார். (இதில் கேலிக்கு இடமில்லை, செய்யவேண்டிய சோதனைதான்.) ஆளின் சுபாவம் தெரிவது அடுத்த கேள்வியில்: "எத்தனை பேர் படுக்கலாம்?" எட்டுப் பேர் என்று பதில் வந்ததும் முகம் மலரும். போகப்போவது அவரும் மனைவியும். மிச்ச ஆறு இடம் எதற்கு? எதற்கும் இருக்கட்டும்.

அங்கே இந்த வண்டிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். எழுத்து வரிசையை நம்பினால் ஏமாந்தோம். ஏ என்பது பேருந்து. 40 அடி நீளமும் சகஜம். பி, ஒரு வேனுக்குள்ளேயே அடுப்பையும் கட்டிலையும் திணித்தது. சி நடுவாந்தரம், ஓட்டுநர் தலைக்குமேல் பரண்போல் துருத்தும் படுக்கை அதன் அடையாளம். நம்மவர் கண் ஏ மேல்தான். பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலும். மின்சாரக் கணப்பு எரியும். சிலவற்றில் கழிவறைகூட ஒன்றரை. வீட்டில் குழாய் சொட்டினாலே பிளம்பரைக் கூப்பிட்ட மனிதர், இனி கையுறை மாட்டி, தடித்த குழாயைப் பொருத்தி, அந்த ஒன்றரையின் தொட்டியைத் தன் கையாலேயே காலிசெய்வார்.

வருஷத்தில் ஒரு வாரம் வந்தாலும் வரக்கூடிய பேரப்பிள்ளைகளைக் கணக்கில் வைத்து வண்டி வாங்குவதுதான் இவர் செய்யும் தப்பு. பார்க்கவேண்டியது, மீதி 51 வாரமும் போக நினைக்கும் சாலையை. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் தவறவிடாதது 'கோயிங் டு த சன்' மலைச்சாலை. அதன் மலைப்பகுதியில் 21 அடிக்குமேல் நீளமோ 8 அடிக்குமேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. ஏ இரண்டு கணக்கிலும் தோற்கும். சி பெரும்பாலும் நீளத்தில் தோற்கும். பி-யில் குட்டையானவை தப்பிக்கும். பேரப்பிள்ளைகள் வரும் அந்த ஒரு வாரத்துக்கு சி வண்டியை வாடகைக்கு எடுத்தால் தீர்ந்தது.

வருஷம் முழுக்க அதிலேயே குடியிருப்பவர் என்ன செய்வார் என்பார்கள். நியாயம்தான். மழைநாளில் பி வேனுக்குள் ஒருவர் காப்பி போட எழுந்தால் மற்றவர் கட்டிலில் ஏறியாகவேண்டும். பலவற்றில் கழிவறையும் ஷவரும் ஒரே பெட்டி. நாம் குளித்தால் டாய்லெட் பேப்பரும் சேர்ந்து குளிக்கும். முப்பது வருஷத் தாம்பத்தியத்துக்கே அது அக்கினிப் பரீட்சை. ஆனால் அரிசோனாவில் ஒரே இடத்தில் நான்கு மாதம் குளிர்காலத்தைக் கழிக்கிறவருக்கு வேண்டியது வீடு. அதற்கு எஞ்சின் எதற்கு? பிக்கப் இழுத்துப்போகும் டிரெய்லர் இன்னும் மலிவு.

அந்த மலைச்சாலைத் தடைக்கும் நம்மவரிடம் பதில் உண்டு: பேருந்தின் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துவருவார். அப்படி இழுபடும் காரை அங்கே 'டோட்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதே ஒலிப்பு தேரைக்கும் பெயர். ஆக, லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம் ஓடும் மாளிகையை முகாமில் நிறுத்திவிட்டு, தேரையில் ஏறித்தான் அவர் மலையைப் பார்க்கிறார். 6,646 அடி உயரத்தில் லோகன் கணவாய். அவரும் மனைவியும் ஃபாயிலில் சுற்றிய சாண்ட்விச்சை மடியில் வைத்துத் தின்கிறார்கள். எட்டுப் பேருக்கான படுக்கை கீழே முகாமில் காலியாகக் கிடக்க, அவர் கார் சீட்டைச் சாய்த்து, கழுத்தை ஒருக்களித்து, கோழித் தூக்கம் போடப் பார்க்கிறார்.