மாப்ள, சித்த எறங்கிட்டு வாரேன்னா…

போடியில இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு மாப்ள. நீ ஜீப்புல ஏறுனா வளைவுக்கு ஒருக்கா "சித்த எறங்கிட்டு வாரேன்"ங்கற. கேட்டா மலைக்குளுராம். சித்திரை வெயில்ல, கீழ வீட்டுல, ராத்திரிக்கு நாலு தடவ எந்திரிக்கிறியாமே, அங்க எந்தக் குளுரு வந்துச்சு? என் தங்கச்சி எல்லாஞ் சொல்லிட்டா.

ஏலத்துக்குப் போனா தட்டுல கொட்டுன ஏலக்காய உருட்டி உருட்டிப் பாப்ப. பச்சை கம்மி, 8 மில்லி தேறாதுனு வெலயக் கொறைப்ப. சொந்த மூத்திரம் நூலா, நின்னு நின்னு வருது. அதுக்கு மட்டும் சூடுன்னு எளநி குடிக்கிற!

மூத்திரப்பைக்குக் கீழ ஆம்பளைக்கு மட்டும் புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி. வயசானா அது வீங்கி மூத்திரத்த அடைக்கும், பல பேருக்கு அம்புட்டுத்தான். ஆனா அதுல புத்துநோயும் வரும். ஆரம்பத்துல ஒண்ணுமே காட்டிக்காது. எலும்புக்குப் பரவி இடுப்பு வலிக்கையில நாம தைலந் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்.

உங்க அண்ணனுக்கு வந்துச்சுல்ல? அப்ப உனக்கு வாய்ப்பு ரெண்டு மடங்கு. உன் மகனையும் 45 வயசுல டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. ரத்தத்துல பி.எஸ்.ஏ.ன்னு ஒரு அளவு பாப்பாங்க. கூடிருச்சுன்னு ஒப்பாரி வைக்காத, வீக்கம், கிருமிக்கும் அது ஏறும். பின்பக்கம் விரல் விட்டும் பாப்பாரு. மொகத்தச் சுளிக்காத, அவருக்கு மட்டும் ஆசையாக்கும்?

மெதுவா நகர்ற நோய்னா வெட்டாமலே வருசக்கணக்காக் கண்காணிப்பாங்க. முத்துனதுக்கும் வழி இருக்கு. 1941-ல சிகாகோ டாக்டர் ஹக்கின்ஸ், விதைய எடுத்தா இந்த நோய் சுருங்குதுன்னு காட்டுனாரு. 1966-ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஏன் கால ஒடுக்குற? இப்ப அதுக்கு ஊசி வந்திருச்சு. ஊசி போட்டா ஒடம்பு குப்குப்புன்னு சுடும். தீட்டு நின்ன காலத்துல என் தங்கச்சிக்குச் சுட்டுச்சே, அப்ப நீ என்ன சொன்ன? "சும்மா நடிக்கிறா"ன்ன. இனி அவகிட்டத்தான் விசிறி கேக்கணும்.

ஆபரேசன்னா கொஞ்ச நாள் மூத்திரம் கசியும், கட்டில் விசயமும் தளரலாம். அத அவகிட்ட மறைச்சு, மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திண்ணையில படுக்காத. டாக்டர்கிட்டயும் வாய் விட்டுக் கேளு, அதுக்கும் வைத்தியம் உண்டு.

திங்கக்கெழம க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். ஆதாரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்க. என் தங்கச்சியையும் கூட்டியா. டாக்டர் கேட்டா நீ பொய் சொல்லுவ, அவ நெசத்தச் சொல்லுவா.