காஃபீன் மாமா

இரண்டாம் மாடி மாமா முப்பத்தாறு வருஷம் தணிக்கைத் துறையில் அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றதும் மூன்று மாதம் மாமியின் பால் கணக்கைத் தணிக்கை செய்தார். நாலாவது மாதம் மாமி டைரியை அவர் மடியில் போட்டு, "வேற ஏதாவது கண்ணுல படறதான்னு பாருங்கோ" என்றாள். பட்டது சோப்பு.

இந்த ஜாதி ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன தலைமுறையில் இவர்கள் வீட்டில் ஹோமியோபதி மருந்துப் பெட்டி இருக்கும். அதற்கும் முன்னால் பஞ்சாங்கமும் சோழியும். இப்போது முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, நெற்றியில் விபூதி, விபூதிக்குக் கீழே நீச்சல்காரர் போடும் கண்ணாடி. பாரிமுனையில் வாங்கிவந்த காஸ்டிக் சோடா பூஜை அலமாரிக்கு மேல்தட்டில் இருக்கும். பேரன் கைக்கு எட்டாதாம். பகவானுக்கு எட்டுமே என்று யாரும் கேட்பதில்லை.

மாமாவிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது கணக்கு. "ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 183 கிராம் காஸ்டிக். நான் அஞ்சு சதவீதம் குறைச்சு 174 தான் போடுவேன். அஞ்சு சதவீதம் எண்ணெய் சோப்பாகாம மிஞ்சும். அதான் சருமத்துக்கு." அடுத்து வருவது மந்திரம்: "தண்ணியில காஸ்டிக்கைப் போடணும், காஸ்டிக்குல தண்ணியை விடப்படாது." இதை ஸ்லோகம் மாதிரி இரண்டு தரம் சொல்வார். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும் என்பது உண்மைதான். ஆகவே நானும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். இந்த ஞானம் வருவதற்கு முன்பு மாமியின் அலுமினிய வாணலி ஒன்று பலியாயிற்று. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். மாமி இன்றைக்கும் அந்த வாணலியைப் பற்றிப் பேசும்போது காலமானவர்களைச் சொல்கிற குரலில்தான் பேசுவாள்.

வேப்பிலை சோப்பு, மஞ்சள் சோப்பு, கஸ்தூரி மஞ்சள் சோப்பு எல்லாம் ஆன பிறகு ஒருநாள் விடியற்காலை, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு அந்த யோசனை உதித்தது. குடித்தால் தூக்கம் போகிற வஸ்து, தேய்த்தால் மட்டும் போகாதா?

அன்று பதினொரு மணிக்கு மாடிப்படி முழுவதும் ஒரு நாற்றம். முதல் டிகாக்‌ஷனில் காஸ்டிக்கைக் கொட்டினால் வருகிற வாசனையை எப்படிச் சொல்வது? கும்பகோணத்தைக் கொதிக்கிற சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி. மூன்றாம் மாடிக்காரர் சமையல் காஸ் கசிகிறது என்று மெயின் ஸ்விட்சை அணைத்தார். மாமா மட்டும் பால்கனியில் நின்று, "வேலை செய்யறது, வேலை செய்யறது" என்று கையுறையைத் தட்டினார்.

நான் மெல்ல ஆரம்பித்தேன். "மாமா, உங்காத்துக் காபிப் பொடியில சிக்கரி எவ்வளவு?"

"முப்பது சதவீதம். ஏன்?"

"சிக்கரியில காஃபீனே கிடையாது. அது வெறும் வேர்."

மாமா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். எத்தனையோ அலுவலகங்களில் அவர் தணிக்கை செய்த கணக்கர்கள் இப்படித்தான் விழித்திருப்பார்கள். கையோடு மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்: கடும் காரத்தில் காஃபீனே சிதையக்கூடியது, தப்பிப் பிழைத்தாலும் சோப்பு மேலே இருக்கப்போவது அரை நிமிஷம், கண்ணுக்கடியில் வீக்கம் வடிய காஃபீன் கிரீம் பூசுகிறவர்கள் அதைக் கழுவாமல் மணிக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். தோலுக்குள் காஃபீன் போகும், ஆனால் அவகாசம் கொடுக்க வேண்டும்.

மறுவாரமே சுத்தமான காஃபீன் பொடி வந்து இறங்கியது. வெள்ளைவெளேர் என்று, பார்த்தால் அரிசி மாவு. இதில் மட்டும் நான் சிரிக்கவில்லை. அந்தப் பொடி ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட 28 கோப்பைக் காபிக்குச் சமம்; கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிற சாமான் அல்ல. மாமியிடம் சொன்னேன். அன்று மாலையே அது நகை லாக்கருக்குள் போயிற்று. இப்போது மாமா ஐந்து கிராம் வேண்டுமென்றால் மாமியிடம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். வவுச்சர் எண்ணோடு.

பொடி வந்ததும் சரித்திரமும் கூட வந்தது. 1819-இல் ஜெர்மனியில் ருங்கே என்ற ரசாயனக்காரர் காபிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார்; கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் மகாகவி கதே. இதை மாமா லிஃப்ட்டில் மாட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நம் ஊரில் கவிஞர்கள் காபி கேட்டு உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறோம், கொட்டை கொடுத்தனுப்பிப் பார்த்ததில்லை.

முதலில் கண்ணுக்கடியில் பூசுகிற கிரீம். காஃபீன் கொதிக்கிற தண்ணீரில் தாராளமாகக் கரையும். ஆறிய தண்ணீரில் நூறு மில்லிக்கு இரண்டு கிராம்தான் நிற்கும். மாமா கொதிக்கக் கொதிக்கப் பத்து கிராமைக் கரைத்தார். இரவு ஆறியது. காலையில் கிரீம் முழுக்க ஊசி ஊசியாகப் படிகம். பூசிப் பார்த்த மாமி, "மெரினாவுல விழுந்து எழுந்தாப்ல இருக்கு" என்றாள். மாமா அதே கிரீமுக்கு 'ஸ்க்ரப்' என்று புது லேபிள் ஒட்டினார்.

பிறகு சோப்பு. கிலோவுக்கு ஐந்து கிராம். நூறு கிராம் கட்டி ஒன்றில் அரை கிராம். ஒரு கட்டி இருபது குளியலுக்கு வந்தால் குளியலுக்கு 25 மில்லிகிராம், அதாவது கால் டம்ளர் காபி. அதில் பெரும்பங்கு நேரே சாக்கடைக்கு. எங்கள் தெருக் கொசுக்களுக்குத் தூக்கம் வராததன் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

விற்பதில்லை. விற்க வேண்டுமானால் 2020-ஆம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். தணிக்கைக்காரர் விதி மீறுவாரா? சும்மா கொடுத்துவிடுவார். சும்மா கொடுத்ததைத் திருப்பித் தர முடியாது என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். எங்கள் வீட்டில் ஒன்பது கட்டி சேர்ந்திருக்கிறது. ஒன்று ஆடுகிற மேஜையின் காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறது. அந்த மேஜை மட்டும் அதற்கப்புறம் அயர்ந்து சாயவில்லை.

போன வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்கு அழைப்பு மணி. மாமா. கண் இரண்டும் கோவைப்பழம்.

"அம்பி, ஜெயிச்சுட்டேன்! நாலு நாளாப் பொட்டுத் தூக்கம் இல்லை. புது சோப்பு வேலை செய்யறது!"

பின்னாலேயே மாமி, தலையை முடிந்துகொண்டு. "வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை. அச்சுல ஊத்தினது இறுகித்தா, சூடு ஏறித்தான்னு மணிக்கொரு தரம் எழுந்து போய்த் துண்டைத் தூக்கிப் பாக்கறார். தூக்கம் எங்கேருந்து வரும்?"

"அது வேற, இது வேற" என்றார் மாமா. "காத்தால தேச்சுண்டா ராத்திரி வரைக்கும் நிக்கும், நீ வேணா பாரு."

"நீங்க தேச்சுண்டேளா மாமா?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னும் ஆறு வாரம் காயணுமேடா."