வாடகை சர்வரின் களவியல்

தொல்காப்பியர் களவியலைக் காதலுக்காக எழுதினார். ஊர் அறியாமல் இருவர் கூடுவதுதான் அவர் சொன்ன களவு. எங்கள் வெப் ஹோஸ்டிங் கடையிலும் ஊர் அறியாமல் ஒரு கூட்டம் நடக்கிறது. கூடுவது யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டும் என்னுடைய சர்வரும். அமெரிக்க டேட்டா சென்டர் ஒன்றில் இரண்டு சர்வரை வாடகைக்கு எடுத்து, கோயம்புத்தூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கூறுபோட்டு விற்கிறேன் என்பதைத் தவிர இந்த ஆய்வுக்கு எனக்கு வேறு தகுதி இல்லை. மூலநூலும் இல்லை. உரை மட்டும் இருக்கிறது.

முதலில் முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். ஓர் ஆர்டருக்கு நிலம் மூன்று: கார்டு பிறந்த நாடு, பில்லிங் விலாசத்தில் எழுதிய நாடு, ஐபி முகவரி காட்டும் நாடு. மூன்றும் ஒன்றானால் நல்லது. ஐபி மட்டும் எங்கோ பிரிந்து கிடந்தால் இலக்கணம் அதைத் திணை மயக்கம் என்னும். நான் 'பெண்டிங்' என்பேன். பொழுது, யாமம். குறிஞ்சிக்கு வகுத்த அதே யாமம். "அமெரிக்காவில் அப்போது பகல்தானே" என்று மறுப்பார் ஒரு சாரார். அவர்கள் ராத்திரி இரண்டு நாற்பதுக்கு போன் அதிர்ந்து எழுந்து, இருட்டில் கண்ணாடியைத் துழாவியவர்கள் அல்லர்.

இவ்வளவு பாடுபட்டுக் கார்டுத் திருடன் வாங்குவது மாதம் நூறு ரூபாய் பெறும் இடத்தையா என்று கேட்கலாம். சிலர் இடத்துக்காக வருவதே இல்லை. திருடிய கார்டுக்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்க்க என் கடையை வைத்தியசாலை ஆக்கிக்கொள்கிறார்கள். ஒரே ராத்திரியில் வரிசையாக ஆர்டர், எல்லாம் மிகச் சின்ன பிளான். இடம் வேண்டி வருகிறவனுக்கு வேறு வேலை இருக்கிறது. கணக்கு திறந்த ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு வங்கியின் லாகின் பக்கம் அச்சு அசலாக அங்கே முளைக்கும். அல்லது ஸ்பாம் புறப்படும். அதற்கடுத்துதான் அலர், அதாவது ஊர்ப்பழி. என் சர்வரில் எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே ஐபியில்தான் குடியிருக்கிறார்கள். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைக் குறித்துவைக்கும் ஸ்பேம்ஹவுஸ் பட்டியலில் அந்த ஐபி ஏறிவிட்டால், திருப்பூர் பனியன் கம்பெனி அனுப்பும் இன்வாய்ஸும் திரும்பி வரும். ஒருத்தன் செய்த களவுக்குத் தெரு முழுதும் தூற்றல் வாங்கும்.

கார்டு எண்ணைச் சோதிக்க ஒரு கணக்கு உண்டு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க அருமையான கணக்கு. திருடன் பிழை விடுவதில்லை என்பதுதான் சிக்கல். அவன் கொடுப்பது நிஜக் கார்டின் நிஜ எண். லூன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும்.

உள்ளூர் கார்டைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. இணையத்தில் கார்டு கொடுத்தால் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. பெரும்பாலும் ஓடிபி வராமல் இங்கே காசு நகராது. வெளிநாட்டுக் கார்டுகள் பலவற்றுக்குப் பின்புறத்து மூன்று எண் போதும். அமெரிக்கக் கார்டென்றால் விலாசத்தையும் ஒத்துப்பார்ப்பார்கள், அதிலும் பெரும்பாலும் வீட்டு எண்ணையும் ஜிப் கோடையும்தான். தெருப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் திருவாசகமே எழுதினாலும் இயந்திரம் உருகாது.

எனவே கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, பட்டறிந்து நான் செய்த சூத்திரம் ஒன்றைச் சொல்கிறேன்: தொல்லை தராதவன் திருடன்.

உரை: நிஜ வாடிக்கையாளர் போனில்தான் தொடங்குவார். "ஏனுங்க தம்பி, ஆயிரத்து இரநூறுன்னு போட்டிருக்கறீங்க, அதுல ஜிஎஸ்டி சேந்துதுங்களா?" சேரவில்லை, பதினெட்டு சதவீதம் தனி என்றால் ஒரு பெருமூச்சு. "நம்ம மாப்பிள்ளை ஒருத்தன் எண்ணூறுக்கே போட்டுத் தர்றேங்கறானுங்க." பிறகு டொமைன் இலவசமா, லோகோ யார் போடுவார்கள், சர்வர் அமெரிக்காவில் இருந்தால் கரண்டு போகுமா. பணம் வந்து சேர்வதற்குள் எனக்கு இரண்டு நரை கூடும். இடம் வேண்டி வரும் திருடனைப் பாருங்கள். இருப்பதிலேயே பெரிய பிளான், மூன்று வருஷத்துக்கு மொத்தமாக, கூடவே நாலு டொமைன், எஸ்எஸ்எல், தினசரி பேக்கப். கூப்பன் கட்டத்தை அவன் தொடுவதுகூட இல்லை. அடுத்தவர் காசில் சிக்கனம் எதற்கு?

அந்தக் காசு கையில் தங்காது. கார்டுக்காரர் மாதக் கணக்கைப் பார்த்து வங்கியில் புகார் சொன்னால் சார்ஜ்பேக். பொதுவாக 120 நாள் வரை அவருக்கு அவகாசம். பணம் போகும், அதன்மேல் அபராதக் கட்டணம் போகும், டொமைனுக்கு நான் கட்டியது போகும். டாட் காம் பெயரை 5 நாளுக்குள் ரத்துசெய்தால் பதிவகத்தில் வரவு வைக்க வழி இருக்கிறது. ஐந்தே நாளில் யாருக்கு மாதக் கணக்கு வருகிறது?

போன் செய்து கேட்பது என்றொரு துறையும் உண்டு. ஒரு யாமத்தில் ஓஹியோ விலாசத்தோடு ஆர்டர் வந்தது. ஐபி வேறு கண்டம். திருடிய விவரத்தோடு போன் எண்ணும் சேர்ந்து போயிருந்தது போலும், அழைத்தேன். எடுத்தவர் ஒரு பாட்டியம்மா.

"நீங்கள் மூன்று வருஷத்துக்கு ஹோஸ்டிங் வாங்கினீர்களா?"

"நீ எங்கிருந்து பேசுகிறாய்?"

"இந்தியாவிலிருந்து. உங்கள் கிரெடிட் கார்டை யாரோ…"

"போன வாரமும் ஒருத்தன் இப்படித்தான் ஆரம்பித்தான்" என்று வைத்துவிட்டார்.

ஆய்வாளனே ஆய்வுப்பொருள் ஆன இடம் அது. பணத்தை அன்றே திருப்பிவிட்டேன்.

புறனடையாக ஒன்று. போன மாசம் ஒரு ராத்திரி ஒன்றேகாலுக்கு ஆர்டர்: கனடாக் கார்டு, டொரண்டோ விலாசம், ஐபி யாழ்ப்பாணம். பெரிய பிளான், மூன்று வருஷம், கூப்பன் இல்லை. சூத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. பெண்டிங்கில் போட்டு விளக்கம் கேட்டேன். காலையில் பதில் வந்தது: "அம்மாவைப் பாக்க வந்து நிக்கிறன். ஜெட்லாக்கில நித்திரை வரேல்ல, அதான் இரவிரவா ஓடர் பண்ணினனான்." கூடவே கடவுச்சீட்டின் படம். படத்தை யாரும் திருடலாம் என்று எனக்குச் சந்தேகம் போகவில்லை. அதற்குக் கீழே கடைசி வரி: "மூண்டு வருசத்துக்கு ஒரேயடியா எடுக்கிறன், ஏதும் குறைச்சுத் தரமாட்டீங்களோ?"

டீ ஆறுவதற்குள் கணக்கைத் திறந்துவிட்டேன். பத்து சதவீதம் குறைத்தேன். அவர் பதினைந்து கேட்டார்.