ஈரப்பதம்

நவீனக் கலைக்கூடத்துக்குக் குழந்தையை அழைத்துப் போவது, வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போவது மாதிரி. நம் பித்தலாட்டம் செல்லாது.

கூடத்தின் மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே ‘ஈரப்பதம்’ என்று தலைப்பு. என்ன ஒரு படிமம்! தலையை ஒருக்களித்து நின்றேன். "அப்பா, அது மீட்டர்ப்பா" என்றாள் ஏழு வயது மகள்.

எனக்குக் கூட்டாளிகள் உண்டு. 2016இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலைக்கூடத்தில் ஒரு பையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தான். பார்வையாளர்கள் சூழ்ந்துகொண்டு அதைப் படம் பிடித்தார்கள்.

இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 2019இல் மியாமியில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். விலை 1,20,000 டாலர். 2023இல் சியோலில் அந்தப் படைப்பின் பழத்தை ஒரு மாணவர் உரித்துத் தின்றுவிட்டார், காலையில் சாப்பிடவில்லையாம். கலைக்கூடம் வேறு பழம் ஒட்டியது. 2024இல் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவரும் தின்றார், கேமராக்களின் முன்னால். மாணவர் தின்றால் பசி. முதலாளி தின்றால் கலை.

கதையைக் கேட்டபடி வெளியே வந்த மகள், டிபன் பையிலிருந்து பழத்தை எடுத்தாள்.

"அப்பா, இதைத் திங்கவா, ஒட்டவா?"