முன்பாரம்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் கதாநாயகி இளநீர் குடிக்கும் வண்டி. மெல்பர்னில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த குட்டி வீடு. நான் பழையதாக ஒன்று வாங்கிய சேதியை அப்பா ஊரில் சொன்னபோது, "எந்தப் படம்?" என்று கேட்டார்களாம்.

முதல் நாள் மாட்டியதும் கார் அடைகாக்க உட்காரும் கோழி மாதிரி பின்பக்கம் குந்தியது. மூக்கு வானம் பார்த்தது. "போகப் போகச் சரியாயிடும்" என்றேன். செருப்புக் கடைகளில் சொல்வது அது.

அன்றிரவு நெடுஞ்சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். என்ன மரியாதையான தேசம் என்று நானும் பதிலுக்கு அடித்தேன். என் முகப்பு விளக்கு ரோட்டை விட்டுவிட்டு யூகலிப்டஸ் மர உச்சிகளை ஆராய்ந்துகொண்டிருப்பதை மனைவிதான் கவனித்தாள். "கோவாலா பாக்கத்தானே வந்தோம், பரவால்ல" என்றாள்.

அடுத்த வாரம் பின்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளுக்குள் காற்றுப்பை வைத்தேன். பெட்ரோல் பங்கில் காற்றடித்தேன். பின்பக்கம் எழும்பியது, கூடவே என் தலையும். ஆனால் வளைவுகளில் ஸ்டியரிங் மட்டும் யாருக்கோ வந்த விருந்து போலவே நடந்துகொண்டது.

மெக்கானிக் ஒரு சீசாப் பலகை வரைந்து காட்டினார். மாட்டும் இடம் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.8 மீட்டர். கேரவன் அங்கே 210 கிலோவாக அழுத்துகிறது. கார் தாங்கக்கூடியதோ 150 தான். அந்த 210 கிலோ பின் அச்சுக்குப் போய்ச் சேரும்போது 300 ஆகிவிடுகிறது. கூடுதல் 90? முன் சக்கரங்களிலிருந்து தூக்கி எடுத்தது. 90 கிலோ என்றால் சரியாக என் மாமனார். ஓடும் காரின் முன்பக்கத்திலிருந்து அவர் இறங்கிப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப்பை காரை நிமிர்த்திக் காட்டுமே தவிர அவரைத் திரும்ப ஏற்றாது. காரின் தாங்குதிறனையும் ஒரு கிலோகூட உயர்த்தாது. பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கே தள்ளிவிடும் கம்பிகள் வைத்த கொக்கி ஒன்று உண்டாம். விலையைக் கேட்டேன். மாமனார் நடந்தே வரட்டும்.

இந்த நிலையில்தான் திருவாரூரிலிருந்து அப்பா வந்தார். "இதுதான்ப்பா டோ பால்" என்று மாட்டும் குண்டைக் காட்டினேன். "பாலா?" என்று குனிந்து பார்த்தார். கேரவனை ஒருமுறை சுற்றி வந்தார். இளவயதில் நெல்மூட்டை வண்டி ஓட்டியவர்.

"முன்பாரம்டா இது. மாடா இருந்தா கழுத்து வீங்கிப் போயிருக்கும்."

எனக்கு இரண்டு வாரமும் கணிசமான டாலரும் ஆன விஷயம். முன்பெட்டியைத் திறக்கச் சொன்னார். கிரைண்டர், 20 கிலோ பொன்னி அரிசி, இட்லிக் குண்டான், ஊறுகாய் ஜாடிகள், காட்டுக்குப் போய் யாரும் பட்டினி கிடக்கக் கூடாதென்ற என் மனைவியின் கவலை மொத்தமும் அங்கேதான். போதாதற்கு முன்பக்கத் தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர்.

எல்லாவற்றையும் வாரிக் கேரவனின் வால்பக்கம் கொண்டுபோனேன். அப்பா பதறிவிட்டார். "பின்பாரமானா மாடு அந்தரத்துல தொங்கும்டா!" இங்கே தொங்காது, கேரவன் வாலாட்ட ஆரம்பித்து காரையும் சேர்த்து ஆட்டிவைக்கும். ஆபத்து என்னவோ அதே ஆபத்துதான். சாமானை அச்சுக்கு நேர்மேலே அடுக்கினோம். தண்ணீரைத் திறந்து எலுமிச்சை மரத்துக்கு விட்டோம்.

குளியலறைத் தராசை எடுத்துவந்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேரவனின் மூக்கை மெதுவாக இறக்கினேன். 140. சுமார் 1,400 கிலோ வண்டிக்குப் பத்தில் ஒரு பங்கு; மெக்கானிக் கேட்டதும் அதுதான்.

"இப்ப முன்னால எவ்வளவு குறையுது?" என்றார் அப்பா.

கணக்குப் போட்டேன். "அறுபது கிலோ."

"நான் அறுபத்திரண்டு" என்று சொல்லி, முன்சீட்டில் ஏறி பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். பின்சீட்டுக்கு அனுப்பப்பட்ட மனைவி, போகிற வழியெல்லாம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.